புதிய காரில் ‘கனெக்டட்’ சேவை இயங்கவில்லையா? காரணங்களும் தீர்வுகளும்

புதுதில்லி: புதிய கார் வீட்டுக்கு வந்துவிட்டது. கைப்பேசிச் செயலியைத் திறந்தால், வாகனத்துடன் தொடர்பு கொள்ள இயலவில்லை என்ற அறிவிப்பு மட்டுமே தோன்றுகிறது. இணைய இணைப்புடன் வரும் கார்களை வாங்குவோர் முதல் சில வாரங்களில் சந்திக்கும் பரவலான சிக்கல் இது. வீட்டிலிருந்தபடியே ஏசியை இயக்க முடியவில்லை, அவ்வளவுதானே என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், விபத்து நேரிட்டால் உதவி மையத்துக்குத் தானாகத் தகவல் அனுப்பும் வசதி, எஸ்ஓஎஸ் பொத்தான், களவுபோன வாகனத்தின் இருப்பிடத்தை அறியும் வசதி ஆகியவையும் இதே இணைப்பைச் சார்ந்தவையே. சேவை முறையாகத் தொடங்கப்படாத காரில் அவையும் வேலை செய்யாது. தேவைப்படும் நேரம் வரும்வரை அது உரிமையாளருக்குத் தெரியவும் வாய்ப்பில்லை.

இந்தியாவில் நடுத்தர விலைக் கார்களில் இத்தகைய சேவை 2019-ஆம் ஆண்டில் பரவலாகத் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் ஹூண்டாய் வெனியூ ‘ப்ளூலிங்க்’ வசதியுடன் அறிமுகமானது. தொடர்ந்து ஜூனில் எம்ஜி ஹெக்டரும், ஆகஸ்டில் கியா செல்டோஸும் வந்தன. டாடாவின் ‘ஐரா’, மஹிந்திராவின் ‘அட்ரினோஎக்ஸ்’, மாருதியின் ‘சுசுகி கனெக்ட்’, டொயோட்டாவின் ‘ஐ-கனெக்ட்’ ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. பெயர்கள் வேறுபட்டாலும் செயல்படும் முறை ஏறத்தாழ ஒன்றுதான்.

காரின் சிம் வேறு, கைப்பேசியின் சிம் வேறு

காருக்குள் டெலிமேட்டிக்ஸ் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதில் கழற்ற முடியாத இ-சிம் இருக்கும். செயலியில் ‘கதவைப் பூட்டு’ என்று அழுத்தினால், அந்தக் கட்டளை நேரடியாகக் காருக்குச் செல்வதில்லை. முதலில் நிறுவனத்தின் சர்வருக்குச் சென்று, அங்கிருந்து கைப்பேசி நெட்வொர்க் வழியாகக் காரில் உள்ள சிம்மை அடைகிறது. கார் அதை நிறைவேற்றியபின் பதிலும் அதே வழியில் திரும்புகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் செயலியில் தோன்றுவது பெரும்பாலும் ஒரே அறிவிப்புதான். சிக்கல் எங்கே உள்ளது என்பதை அந்த அறிவிப்பை வைத்து அறிய முடியாததே குழப்பத்துக்கு முதற்காரணம்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே, புளூடூத் ஆகியவற்றை இதனுடன் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அவை உரிமையாளரின் கைப்பேசியையும் அதன் டேட்டாவையும் கொண்டு இயங்குபவை. திரையில் வரைபடம் தெரிகிறது, பாட்டும் ஒலிக்கிறது என்பதால் காரின் இணைய இணைப்பு சரியாக உள்ளது என்று பொருளல்ல. அதேபோல, கேபிள் வழியாகக் கார்பிளே இயங்கவில்லை என்ற புகாருடன் கனெக்டட் சேவை மையத்தை அழைப்பதிலும் பயனில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, வாங்கிய வேரியன்டில் இந்த வசதி உண்டா என்பதைத்தான். ஒரே மாடலின் தொடக்க நிலை வேரியன்ட்களில் டெலிமேட்டிக்ஸ் கருவியே இல்லாமல் இருக்கலாம். விளம்பரத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் உச்ச நிலை வேரியன்ட். தொலைவிலிருந்து என்ஜினை இயக்கும் வசதி பல மாடல்களில் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு மட்டுமே தரப்படுகிறது. விலைப்பட்டியலிலும் பில்லிலும் உள்ள வேரியன்ட் பெயரை நிறுவனத்தின் வசதிப் பட்டியலுடன் ஒப்பிட்டாலே சில புகார்களுக்கு விடை கிடைத்துவிடும்.

பெரும்பாலான தவறு பதிவேட்டில்

புதிய கார்களைப் பொறுத்தவரை, கருவி பழுதாகியிருப்பதைவிடப் பதிவில் பிழை நேர்ந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். சேவை தொடங்க மூன்று தகவல்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேசிஸ் எண், காரில் உள்ள இ-சிம், உரிமையாளரின் கைப்பேசி எண் ஆகியவையே அவை. விற்பனையகம் காரை ‘விற்கப்பட்டது’ என்று நிறுவனத்தின் கணினி அமைப்பில் பதிவு செய்த பிறகே பல நிறுவனங்களில் சேவை உயிர்பெறுகிறது. வாடிக்கையாளரின் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் ஓடிபி வேறொருவருக்குச் சென்றுவிடும்.

டெலிவரி நாளின் அவசரத்தில், பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று கூறி விற்பனைப் பிரதிநிதியின் எண்ணிலோ மின்னஞ்சலிலோ கணக்கைத் தொடங்க முன்வந்தால் அதை ஏற்கக் கூடாது. முதன்மைக் கணக்கு யாருடையதோ அவரால் காரின் இருப்பிடத்தைக் காண முடியும். கதவைத் திறக்கவும் முடியும். கார் வாங்கியவர் அந்தக் கணக்கில் விருந்தினராக மட்டுமே இருப்பார். காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த அல்லது சோதனை ஓட்டத்துக்குப் பயன்பட்ட காரை வாங்குவோர், பழைய கணக்கு நீக்கப்பட்டதற்கான எழுத்துபூர்வ உறுதியைக் கேட்டுப் பெறுவது நல்லது.

எனவே, சாவியை வாங்கிக்கொண்டு புறப்படுவதற்கு முன் ஷோரூம் வளாகத்திலேயே சேவையைச் சோதித்துவிட வேண்டும். வாங்குபவரின் சொந்தக் கைப்பேசியில் செயலியைப் பதிவிறக்கி, காரின் தொடுதிரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டையோ சரிபார்ப்பு எண்ணையோ கொண்டு இணைக்கலாம். பின்னர் கதவைப் பூட்டித் திறந்து, இருப்பிடம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். இதற்குப் பத்து நிமிடங்கள் போதும். சேவை மறுநாள்தான் தொடங்கும் என்று விற்பனையகம் கூறினால், அந்தத் தேதியை டெலிவரி ஆவணத்தில் எழுதித் தரச் சொல்லலாம். இலவசச் சந்தாக் காலம் எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் பழுதைக் கண்டறிதல்

காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, என்ஜினை இயக்கிச் சில நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் முயல்வதே முதல் சோதனை. அடித்தள வாகன நிறுத்தங்களில் நெட்வொர்க் கிடைக்காது. கைப்பேசியில் முழு சிக்னல் இருப்பதையும் சான்றாகக் கொள்ள முடியாது. காரின் இ-சிம் பொதுவாக ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்தைச் சார்ந்தது. அந்நிறுவனத்தின் கோபுரம் அருகில் இல்லாத இடத்தில் மற்றவர்களின் கைப்பேசிகள் நன்றாக இயங்கினாலும் கார் மௌனமாகவே இருக்கும். வீட்டில் மட்டும் இயங்காமல் பிற இடங்களில் இயங்கினால் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும்.

பல நாள்கள் நிறுத்தி வைத்த காரில் மட்டும் சிக்கல் எழுந்தால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். 12 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிடாமல் இருக்க, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு டெலிமேட்டிக்ஸ் கருவி உறக்க நிலைக்குச் செல்கிறது. ஒருமுறை காரை இயக்கியதும் தொடர்பு மீளும். நாள்தோறும் ஓட்டும் காரிலும் இப்படி நேர்ந்தால் பேட்டரியின் நிலையைச் சோதிக்க வேண்டும். மின்சாரக் கார்களுக்கும் இது பொருந்தும். பெரிய பேட்டரியில் 80 சதவீத மின்னேற்றம் இருந்தாலும், இந்தக் கருவிக்கு மின்சாரம் தருவது சிறிய 12 வோல்ட் பேட்டரியே.

இருப்பிடம் தவறாகத் தெரிந்தால் காரின் திரையில் உள்ள வரைபடத்தையும் செயலியையும் ஒப்பிட வேண்டும். திரையில் சரியான இடம் தெரிந்து, செயலியில் நேற்றைய இடம் தெரிந்தால் ஜிபிஎஸ் நன்றாக உள்ளது. தகவல் சர்வருக்குப் போகவில்லை என்று பொருள். இரண்டிலுமே தவறாக இருந்தால் ஆன்டெனாவையோ அதன் இணைப்பையோ சோதிக்க வேண்டும்.

சில கட்டளைகள் மட்டும் தோல்வியடைவது வேறு வகை. இருப்பிடம் தெரிகிறது, ஆனால் என்ஜின் இயங்கவில்லை என்றால் நெட்வொர்க்கைக் குறை கூற இடமில்லை. எல்லாக் கதவுகளும் பானெட்டும் மூடியிருக்க வேண்டும், கியர் ‘பி’ நிலையில் இருக்க வேண்டும் என்பன போன்ற பாதுகாப்பு நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்று நிறைவேறாவிட்டால் கார் கட்டளையை ஏற்காது. கையேட்டில் இந்த நிபந்தனைகள் தரப்பட்டிருக்கும்.

எச்சரிக்கைகள் வராமல், செயலியைத் திறந்தால் மட்டும் எல்லாம் சரியாகத் தெரிந்தால் கோளாறு கைப்பேசியில் இருக்கலாம். பேட்டரியைச் சேமிக்க ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பின்னணியில் இயங்கும் செயலிகளை முடக்குவதுண்டு. செட்டிங்ஸ் பகுதியில் அந்தச் செயலிக்கு விலக்கு அளித்து, நோட்டிஃபிகேஷன் அனுமதியையும் தர வேண்டும்.

வெளியே வாங்கிப் பொருத்தும் சாதனங்களையும் மறந்துவிடக் கூடாது. டேஷ் கேமரா, கூடுதல் அலாரம், மாற்றுத் தொடுதிரை ஆகியவற்றைப் பொருத்தும்போது வயரிங்கில் கை வைத்த பின்னர் இணைப்பு அறுந்திருந்தால், வாரண்டி கோரும்போது நிறுவனம் அதையே காரணமாகக் காட்டக்கூடும். சில மாடல்களில் இணைய இணைப்பே தொடுதிரைக் கருவிக்குள்தான் உள்ளது. அதை மாற்றினால் சேவையும் அதனுடன் போய்விடும்.

எஸ்ஓஎஸ் பொத்தான் யாரை அழைக்கும்?

பெரும்பாலான தனியார் கார்களில் எஸ்ஓஎஸ் பொத்தான், வாகன நிறுவனத்தின் உதவி மையத்தையே அழைக்கிறது. அரசின் அவசர உதவி எண்ணான 112-ஐ அல்ல. கார்களில் உள்ள இ-சிம்கள் ‘எம்2எம்’ எனப்படும், இயந்திரங்களுக்கிடையேயான தொடர்புக்கான வகையைச் சேர்ந்தவை. 2018-ஆம் ஆண்டு முதல் இவற்றுக்கு 13 இலக்க எண்கள் ஒதுக்கப்படுகின்றன. தொலைத்தொடர்புத் துறையின் விதிகளின்படி இவை முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட எண்களுடன் மட்டுமே பேச முடியும். ஆகவே, சேவை தொடங்கப்படவில்லை என்றாலோ சந்தா முடிந்துவிட்டாலோ அந்தப் பொத்தானை நம்ப இயலாது. கைப்பேசியில் 112-ஐ அழைப்பதே அப்போது வழி.

பல கார்களில் எஸ்ஓஎஸ் பொத்தானுக்கு அருகில் சாலையோர உதவிக்கென மற்றொரு பொத்தான் இருக்கும். அவசர அழைப்பை வீணாக்காமல், அதை அழுத்தி மறுமுனையில் குரல் தெளிவாகக் கேட்கிறதா, கார் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டறியலாம். புதிய காருக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை இல்லை.

காரை விற்கும்போது

பழைய கார் வாங்குவோருக்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. படிவம் 29, 30 வழியாக ஆர்.சி. பெயர் மாற்றம் முடிந்தாலும் செயலிக் கணக்கு தானாக மாறுவதில்லை. முந்தைய உரிமையாளர் தமது கணக்கை நீக்காவிட்டால், புதியவரின் அன்றாடப் போக்குவரத்து அவருடைய கைப்பேசியில் தெரிந்துகொண்டே இருக்கும். விற்பவர் செயலியிலிருந்து வாகனத்தை நீக்கி, தொடுதிரையை ஃபேக்டரி ரீசெட் செய்து ஒப்படைக்க வேண்டும். வாங்குபவர் ஆர்.சி. நகலை அனுப்பி, முந்தைய கணக்கு நீக்கப்பட்டதை நிறுவனத்திடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்குள் கார் கைமாறும்போதும், மணமுறிவுக்குப் பிறகும் இதே கவனம் தேவை.

புகார் செய்யும் முறை

சிம் தொடர்பான கோளாறு என்பதால் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அணுகுவது வீண் அலைச்சல். அந்த இணைப்பு கார் உரிமையாளரின் பெயரில் இல்லை. வாகன நிறுவனத்தின் அல்லது அதற்குச் சேவை வழங்கும் நிறுவனத்தின் பெயரில் உள்ளது. பொறுப்பேற்க வேண்டியது வாகன நிறுவனமே. சர்வீஸ் சென்டரில் காரை விடும்போது, ‘செயலி வேலை செய்யவில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், கோளாறு நேர்ந்த தேதி, நேரம், இடம், எந்தக் கட்டளை, திரையில் தோன்றிய அறிவிப்பு ஆகியவற்றை ஜாப் கார்டில் பதியச் செய்ய வேண்டும். ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தைக் கொண்டுதான் சர்வர் பதிவுகளில் கட்டளை எங்கே நின்றது என்று தேட முடியும். சரிபார்ப்பதாகக் கூறித் தொலைபேசியில் யார் ஓடிபி அல்லது செயலியின் பின் எண்ணைக் கேட்டாலும் தரக் கூடாது. அவை கதவைத் திறக்கும் சாவிக்குச் சமம்.

விற்பனையகம் கைவிரித்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண்ணைப் பெற வேண்டும். அதன்பிறகும் தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அணுகலாம். விளம்பரப்படுத்தி, விலையில் சேர்த்து விற்ற வசதி இயங்காமல் இருப்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குறைபாடாக முன்வைக்கத்தக்கது. செலுத்திய தொகை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். காரின் விலை ரூ.5 லட்சம் முதல் ரூ.10 லட்சம் வரை எனில் கட்டணம் ரூ.200, ரூ.10 லட்சம் முதல் ரூ.20 லட்சம் வரை ரூ.400, அதற்கு மேல் ரூ.50 லட்சம் வரை ரூ.1,000. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்யப்பட வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகவும் மனு அளிக்கலாம்.