வில்லங்கம் பார்க்கும் வழி, பத்திரம் பதியும் வழி

நிலப் பத்திரத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதையும், ஏற்றியதைத் தேடிப் பார்ப்பதையும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் தனித்தனி வழிகளில் வைத்தது. வெள்ளகோவில் வட்டாரத்தில் காடோ தோட்டமோ தறிக்கூடமோ, எது கைமாறினாலும் நூறாண்டுக்கும் மேலாக இந்த ஏற்பாட்டுக்குள்தான் மாறியிருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் 1979இல் பெரியார் மாவட்டத்துக்கும் 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்கும் போனது, ஏற்பாடு மாறவில்லை.

எழுதும் வழி குறுகலானது. பத்திரம் தாக்கலான நாளும் நேரமும் இடமும் அதன் மேலேயே குறிக்கப்படும். அசையாச் சொத்துப் பத்திரம் என்றால், ஏற்கப்பட்ட வரிசைப்படி முதல் புத்தகத்தில் நகலாகும். வரிசை எண் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும். பதிந்ததில் பிழை இருந்தாலும் கட்சிக்காரர் அதை அடித்துத் திருத்த முடியாது. பிழைதிருத்தல் பத்திரம் என்று இன்னொன்று எழுதி, அதற்கும் ஓர் எண் வாங்க வேண்டும்.

வந்த வரிசையில் எழுதிய புத்தகம் தேடுபவருக்கு உதவாது. அவர் கேட்பது சர்வே எண்ணையோ ஆள் பெயரையோ வைத்து. அதற்காகவே பெயர்வாரியாக ஓர் அட்டவணையும் சொத்துவாரியாக ஓர் அட்டவணையும் தயாராயின. வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்பது இவற்றில் தேடுவதுதான். முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகம் அப்படியல்ல. அதில் தேடும் உரிமை பதிவு அலுவலருக்கு மட்டுமே. யார் எதைப் படிக்கலாம் என்பதில் சட்டத்துக்கு இருந்த தெளிவு இன்றைய பல மென்பொருள்களில் இல்லை.

கிராமக் கணக்கின் கதை வேறு. ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகியவற்றை எழுதியவரும் வைத்திருந்தவரும் காட்டியவரும் ஒரே கணக்குப்பிள்ளை. ஆண்டுக்கொரு முறை நடந்த ஜமாபந்தியில்தான் மேலதிகாரி அவற்றைச் சரிபார்த்தார். 1980 நவம்பரில் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர்.

பதிவுச் சட்டம் செய்ததைப் போல எழுதும் வழியையும் படிக்கும் வழியையும் பிரிப்பதற்கு மென்பொருள் உலகம் தாமதமாகவே வந்தது. நிரலின் ஒரு செயற்கூறு தரவை மாற்றலாம் அல்லது பதில் சொல்லலாம், இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது என்ற விதியைக் கணினி அறிஞர் பெர்ட்ரண்ட் மேயர் 1988இல் தம் நூலில் எழுதினார். இணைய நெறிமுறையிலும் ‘கெட்’ படிக்க மட்டும், ‘போஸ்ட்’ போன்றவை மாற்றம் செய்ய என்று வகுக்கப்பட்டது. அதை மதிக்காத தளங்கள் 2005இல் பாடம் கற்றன. பக்கங்களை முன்கூட்டியே எடுத்து வைக்க கூகுள் வெளியிட்ட கருவி, கண்ணில் பட்ட இணைப்புகளையெல்லாம் ‘கெட்’ வழியாகத் தொட்டது. ‘நீக்கு’ என்ற இணைப்பும் அவற்றில் இருந்ததால் பயனர்களின் தரவு அழிந்தது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழியான ஏபிஐயின் வடிவமைப்பில் படிக்கும் வழியைத் தனியே பிரித்தால் இந்த ஆபத்து குறையும். தேடுவோர் கூட்டம் பெருகினாலும், படிப்பதற்கென வைத்த நகல் தரவுத்தளம் அதைத் தாங்கிக்கொள்ளும், பதிவு வேலை தடைபடாது.

பிரிப்பதற்கு விலையும் உண்டு: நகல் பிந்தும். நில ஏடுகளிலும் இப்படி ஒன்று இன்னொன்றுக்குப் பிந்துவது உண்டு. தமிழ்நாட்டில் இன்று வில்லங்கத்தையும் பட்டாவையும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். ஆனால் வில்லங்கம் பதிவுத்துறையின் ஏடு, பட்டா வருவாய்த்துறையின் ஏடு. பத்திரம் பதிவானதும் பட்டாவில் பெயர் மாறிவிட்டது என்று கொள்ள முடியாது. வெள்ளகோவிலில் இடம் வாங்குவோர் வில்லங்கத்தோடு நிற்காமல் பட்டாவையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.