ஏட்டிலிருந்து தாளுக்கு: யாழ்ப்பாணத்தில் எழுதுகருவி மாறிய வரலாறு

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் எழுதப்பட்ட பொருளையே நோக்குவர். அப்பொருளைத் தாங்கிய கருவியை நோக்குவோர் சிலரே. ஆயின், ஒரு கருவி வழக்கொழிந்து மற்றொன்று அதன் இடத்தைப் பெறும்பொழுது எது எடுத்துச் செல்லப்படுகின்றது, எது கைவிடப்படுகின்றது என்பது ஒரு சமூகத்தின் நினைவையே தீர்மானிக்கும் வினாவாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனையோலை ஏடு தாளுக்கும் அச்சுக்கும் இடங்கொடுத்த வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதொரு களமாகும்.

கைக்கருவியாகிய ஏடு

ஏடு என்றதும் இலக்கிய இலக்கணச் சுவடிகளே நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது அன்றாட வாழ்வின் கைக்கருவியாகவும் விளங்கிற்று. பிறந்த வேளை சாதக ஓலையிலும், காணியுரிமை உறுதி ஓலையிலும், மருந்தின் செய்முறை வாகடச் சுவடியிலும் பொறிக்கப்பட்டன. எழுதுவதற்கு மேசையும் மையும் வேண்டியதில்லை. இடக்கையில் ஓலையும் வலக்கையில் எழுத்தாணியும் இருந்தாற் போதும், நின்றபடியே எழுதலாம். பனை எங்கும் செறிந்த குடாநாட்டில் மூலப்பொருளுக்குப் பிறரை எதிர்பார்க்கவேண்டிய நிலையும் இருக்கவில்லை.

எனினும் ஏட்டுக்குக் குறைகளும் உண்டு. செல்லும் பூச்சியும் ஈரமும் அதனை அழித்தன. சில தலைமுறைகளுக்கு ஒருமுறை படியெடுக்காவிடின் நூலே இல்லாதொழியும். மேலும், ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு புலப்படாது. ரகரமும் காலும் ஒத்திருக்கும். ஆசிரியர் வாய்க் கேட்டுப் பயின்றவனே ஏட்டைப் பிழையற வாசிக்க முடிந்தது. அதாவது, எழுத்தின் ஒரு பகுதி ஓலையிலும் மறுபகுதி மனிதர் நினைவிலும் இருந்தது எனலாம்.

தாளின் வருகை

தாள் முதலில் ஆட்சியாளரின் கருவியாகவே செல்வாக்குப் பெற்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காணி விபரங்களைத் தோம்புகளிற் பதிந்தனர். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் தேசவழமையைத் தொகுத்தார். வழக்கில் நின்ற முறைமை தாளிலேறிய சட்டமாயிற்று. குடிமக்களோ ஓலையைக் கைவிடவில்லை. பிரித்தானியர் ஆட்சியில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றங்கள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டுமென விதித்தது. அதன்பின் உறுதி ஓலைக்குரிய இடம் குறுகிற்று. கருவி மாற்றம் வசதியினால் மாத்திரமன்றி, எந்த எழுத்துச் செல்லும், எது செல்லாது என விதிக்கும் அதிகாரத்தினாலும் நிகழ்வது என்பதற்கு இது சான்றாகும்.

அச்சின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. அமெரிக்க மிசனரிமார் 1816இல் இங்கு பணி தொடங்கினர். 1820இல் அச்சாளர் ஒருவரை அவர்கள் வருவித்தபோதும், அன்றைய ஆளுநர் எட்வேட் பாண்ஸ் அவர் தங்குவதற்கு அனுமதியளிக்கவில்லை. 1834இலேயே மானிப்பாயில் அவர்களது அச்சகம் நிறுவப்பட்டது. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகையும், 1842இல் ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதியும் வெளிவந்தன. பிறர் கையிலிருந்த கருவியின் ஆற்றலை உணர்ந்த ஆறுமுக நாவலர் (1822-1879), 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். ஒரே கருவி எதிரெதிரான இரு நோக்கங்களுக்கும் பயன்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

எடுத்துச் சென்றவையும் விடுபட்டவையும்

ஏட்டை அச்சேற்றுவது வெறும் படியெடுப்பன்று. புள்ளியில்லாத எழுத்துக்குப் புள்ளியிடும்போதும், குறிலா நெடிலா எனத் துணியும்போதும் பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தெரிந்து ஏனையவற்றை விலக்குகின்றார். முன்னர் வாசகனும் அவனது ஆசிரியரும் செய்த தீர்ப்பு இப்பொழுது பதிப்பாசிரியர் ஒருவரின் பொறுப்பாயிற்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றைப் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பித்தமை இப்பொறுப்பை அவர் உணர்ந்தமையைக் காட்டும்.

ஆயினும் எல்லா ஏடுகளும் இத்தகைய கவனத்தைப் பெறவில்லை. சமயமும் கல்வியும் வேண்டிய நூல்கள் முந்தி அச்சேறின. வைத்தியர் இல்லங்களிலிருந்த வாகடங்கள் பிந்தியே அச்சைக் கண்டன. 'பரராசசேகரம்' என்னும் மருத்துவ நூல் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளையின் முயற்சியால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பதிப்புப் பெற்றது. குடும்பக் கணக்குகளும் ஊர்ச் செய்திகளும் பெரும்பாலும் ஓலையிலேயே நின்றுவிட்டன.

இதன் விளைவை 1981 யூன் மாதம் கொடுமையாக உணர்த்திற்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையை இன்றும் நாம் வாசிக்க முடிகின்றது; அது 1879இல் பிறிற்றோ என்பாரால் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது, தமிழிலும் அச்சுப் பதிப்புகள் கண்டது. பிறிதொரு படி இல்லாத ஏடுகளோ ஏட்டுடனேயே மறைந்தன. அழித்தவர் பொறுப்பு ஒருபுறம் இருக்க, காலத்திற் படியெடுக்கப்படாத எதுவும் ஒரே இரவில் இல்லாதொழியக்கூடும் என்பது இதனால் நாம் பெறும் பாடமாகும்.

இன்றைய மாற்றம்

1996இல் அமெரிக்காவில் வெளிவந்த 'பாம் பைலட்' என்னும் கையடக்க மின்குறிப்பேடு முகவரிகளையும் நாட்குறிப்பையும் தாங்கிற்று. 'பாம்' என்னும் ஆங்கிலச் சொல் உள்ளங்கையையும் பனையினத்தையும் ஒருங்கே குறிப்பது நமக்குச் சுவை தரும் ஒற்றுமையாகும். அக்கருவியும் இரு பத்தாண்டுகளுக்குள் வழக்கொழிந்து திறன்பேசிக்கு இடங்கொடுத்தது. அங்கும் பெயரும் எண்ணும் எளிதில் இடம்மாறின; பழைய வடிவில் எழுதிவைத்த குறிப்புகள் விடுபட்டுப்போவதுண்டு. ஏடு சில நூற்றாண்டு நின்றது. மின்கருவியோ சில ஆண்டுகளே நிற்கின்றது. ஆகவே, படியெடுக்கும் கடமை முன்னோர்க்குத் தலைமுறைக்கு ஒருமுறையாயின், நமக்கு ஒரே வாழ்நாளிற் பலமுறை நேர்கின்றது.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவில் சேமித்து வருகின்றது. எனினும், எதனை முதலில் எடுத்துச் செல்வது என்னும் தேர்வை எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது. வீட்டுப் பெட்டகங்களில் எஞ்சியுள்ள சாதக ஓலைகளும் கணக்கோலைகளும் வாகடங்களும் பெருநூல்கள் அல்ல; ஆயின், சாதாரண மக்கள் எதனை நினைவிற்கொள்ள விரும்பினர் என்பதற்குச் சான்று கூறுவன அவையே. அவற்றை வாசிக்கவல்லோர் நம்மிடையே இருக்கும்பொழுதே வாசித்துப் படியெடுத்தல் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்வோர் தலைமேற்கொள்ள வேண்டிய பணியாகும்.