டோடோஸா: ஜப்பானில் பார்வையற்றோர் தமக்கென அமைத்த தொழிற்குழு

பார்வையற்றோரின் கடந்தகாலம் பெரும்பாலும் பிறர் அவர்கள்மீது காட்டிய இரக்கத்தின் கதையாகவே எழுதப்பட்டுள்ளது. வழிபாட்டிடத்தின் வாசல், அறச்சாலை, மிஷனரிப் பள்ளி, அரசின் உதவித்தொகை என்று நகரும் அந்தக் கதையில் கொடுப்பவரின் பெயர் தெரியும், பெறுபவர் என்ன செய்தார் என்பது தெரியாது. ஜப்பானிய வரலாறு இதற்குள் அடங்குவதில்லை. 14ஆம் நூற்றாண்டு முதல் 1871 வரை, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள், அந்நாட்டின் பார்வையற்ற ஆண்கள் தாங்களே அமைத்து, தாங்களே நிர்வகித்து, தங்கள் தொழில்களின் மீதான உரிமையைத் தாங்களே காத்துக்கொண்ட ஒரு தொழிற்குழு அங்கே இயங்கியது. டோடோஸா என்று பெயர்பெற்ற அந்தக் குழு கலைஞர்களையும் மருத்துவர்களையும் அறிஞர்களையும் உருவாக்கியது. கொடுமையான வட்டிக்காரர்களையும் உருவாக்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் இயல்பு விளங்கும்.

குழுவின் வேர் இசையில் இருக்கிறது. பீவா என்பது பேரிக்காய் வடிவக் குடமும் நான்கு தந்திகளும் கொண்ட இசைக்கருவி. அதை மீட்டிக் கதை பாடிய பார்வையற்ற பாணர்கள் துறவியரைப் போலத் தலையை மழித்து, துறவாடை அணிந்து ஊர் ஊராகச் சென்றதால் பீவா ஹோஷி, அதாவது பீவா வாசிக்கும் துறவியர், எனப்பட்டனர். 1180 முதல் 1185 வரை தைரா, மினமோட்டோ என்ற இரண்டு குலங்களுக்கு இடையே நடந்த போரில் தைரா குலம் கடலில் அழிந்தபின், அந்த அழிவைப் பாடும் ‘ஹெய்கே மொனொகதாரி’ என்னும் பெருங்கதை இவர்களுடைய உடைமையாயிற்று. போரில் மாண்டோரின் ஆவிகளை அந்தப் பாட்டு சாந்தப்படுத்தும் என்ற நம்பிக்கை நிலவியதால், பாடியவர்களுக்குச் சடங்கு சார்ந்த மதிப்பும் கிட்டியது. கியோத்தோவில் வாழ்ந்த அகாஷி கக்குஇச்சி என்ற பார்வையற்ற பாணர் 1371இல், தம் இறுதிக்காலத்தில், கதை முழுவதையும் மாணவர் ஒருவருக்குச் சொல்லி எழுதவைத்தார். தமக்குப் பின் பாடத்தைப் பற்றிய சச்சரவு எழாமல் தடுப்பதே நோக்கம். தம்மால் படிக்க இயலாத ஒரு சுவடியைப் பாடகர்கள் ஏன் உருவாக்கினர் என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது: எது சரியான பாடம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ, அவரிடமே தொழிலும் இருக்கும். டோடோஸாவை ஒழுங்குபடுத்தியவர் என மரபு கக்குஇச்சியைப் போற்றுவது இதனால்தான்.

தோக்குகாவா ஷோகுன்கள், அதாவது பேரரசர் பெயரளவில் இருக்க நாட்டை உண்மையில் ஆண்ட படைத்தலைவர்கள், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சியை உறுதிப்படுத்தியபோது, டோடோஸாவையும் தங்கள் ஆட்சிமுறையின் ஓர் உறுப்பாக ஏற்றுக்கொண்டனர். 1634இல் குழு தன் விதித்தொகுப்பை அரசிடம் அளித்தது. உறுப்பினர்களுக்கு இடையேயான வழக்குகளை விசாரிக்கவும் தவறு செய்தவர்களைத் தண்டிக்கவும் குழுவுக்கே உரிமை இருந்தது. கியோத்தோவில் அதன் தலைமையகம் இருந்தது. முன்னோர்களுக்குச் செலுத்தும் நினைவஞ்சலியாக ஆண்டுதோறும் காமோ ஆற்றங்கரையில் கூடிக் கற்களை அடுக்கும் சடங்கும் நடந்தது. பார்வையிழந்த ஓர் அரசகுமாரரே தங்கள் குலமுதல்வர் என்று அவர்கள் சொல்லிக்கொண்டனர். அது வரலாற்று உண்மையாக நிறுவப்பட்டதன்று; ஆயினும் தங்கள் நிலை இரந்து பெற்றதன்று, மரபுரிமையாக வந்தது என்று உலகுக்கு அறிவிக்க அந்தக் கதை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

குழுவில் கெங்க்யோ, பெத்தோ, கோதோ, ஸாதோ என மேலிருந்து கீழாக நான்கு பதவிகள் இருந்தன. இவை 16 நிலைகளாகவும் 73 படிகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு படிக்கும் கட்டணம் உண்டு. அடியிலிருந்து கெங்க்யோ பதவிவரை ஏறுவதற்கு மொத்தம் 719 ரியோ வேண்டும் என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. ரியோ என்பது பொற்காசு. ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குத் தேவைப்படும் அரிசியின் விலை ஏறத்தாழ ஒரு ரியோ என்று பொதுவாகக் கொள்ளப்படுவதால், அந்தத் தொகையின் பருமனை ஊகிக்கலாம். அவ்வாறு திரண்ட பணம் உறுப்பினர்களுக்குப் பதவி வரிசைப்படி பங்கிடப்பட்டது. பிரபுக்களின் இல்லங்களிலும் செல்வர் வீடுகளிலும் திருமணம், பிறப்பு, இறப்பு ஆகியவை நிகழும்போது குழுவுக்கு ஒரு தொகை தரவேண்டும் என்பதும் வழக்கமாயிற்று. அதுவும் இவ்வாறே பகிர்ந்தளிக்கப்பட்டது. தனி ஒருவர் வீட்டு வாசலில் நின்று கேட்டால் பிச்சை எனப்படும் ஒன்று, குழுவின் பெயரால் பெறப்பட்டு விதிப்படி பங்கிடப்பட்டபோது வருவாயாக மாறியது. டோடோஸாவின் ஆகப்பெரிய சாதனை இந்த மாற்றம்தான். அதன் ஆகப்பெரிய குறை, பங்கின் பெரும்பகுதி மேற்படியில் இருந்தவர்களுக்கே சென்றதும், அடிநிலை ஸாதோக்கள் வறுமையிலேயே உழன்றதும் ஆகும்.

கதைப்பாட்டுக்கான வரவேற்பு குறைந்தபோது, குழுவினர் வேறு தொழில்களைக் கைக்கொண்டனர். யாத்ஸுஹாஷி கெங்க்யோ (1614–1685) கோட்டோ என்னும் பதின்மூன்று தந்திக் கருவிக்குப் புதிய சுருதி அமைப்பை வகுத்து, மேட்டுக்குடியினரிடம் மட்டும் இருந்த அந்த இசையைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தார். கோட்டோவும், மூன்று தந்தி கொண்ட ஷாமிசென்னும் கற்பிக்கும் தொழிலில் பார்வையற்ற ஆசிரியர்களே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தனர். இசைத்திறன் வாய்க்காதவர்களுக்கு அன்மா எனப்படும் உடல் பிடித்துவிடும் தொழில் கைகொடுத்தது. இன்றைய தோக்கியோவான எடோ நகரத் தெருக்களில் இரவில் சீழ்க்கைக் குழலை ஊதியபடி தம் வரவை அறிவித்துச் சென்ற அன்மாக்காரர்கள் அக்கால ஓவியங்களிலும் கதைகளிலும் இடம்பெற்றுள்ளனர்.

அந்தத் தொழிலை மருத்துவத்தின் நிலைக்கு உயர்த்தியவர் சுகியாமா வாஇச்சி (1610–1694). உடலில் நுண்ணூசி செலுத்திச் சிகிச்சை செய்யும் அக்குபங்சர் முறையைக் கற்கச் சென்ற இவரை, கை பழகவில்லை என்று ஆசிரியர் திருப்பியனுப்பினார் என்றும், எனோஷிமா தீவில் பென்சைத்தென் தெய்வத்தின் சந்நிதியில் நோன்பிருந்து திரும்பும் வழியில் இவருக்குப் புதிய உத்தி தோன்றியது என்றும் மரபுக்கதை கூறுகிறது. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனம் வழியாக ஜப்பான் சென்ற சரஸ்வதியே பென்சைத்தென் ஆவாள். அங்கே அவள் கையில் வீணைக்குப் பதிலாகப் பீவா இருக்கிறது, பார்வையற்ற இசைவாணர்கள் அவளைத் தம் காவல் தெய்வமாக வழிபட்டனர். மரபுக்கதை எவ்வாறாயினும் உத்தி உண்மையானது: மெல்லிய சிறு குழாயினுள் ஊசியை வைத்து, வெளியே நீட்டியிருக்கும் அதன் நுனியை விரலால் தட்டினால், கண்ணால் பாராமலே ஊசியை நேராகவும் வலியின்றியும் உரிய ஆழத்தில் செலுத்தலாம். பார்வையற்றவரின் தேவையிலிருந்து பிறந்த இந்தக் குழாய்முறையைப் பார்வையுள்ள மருத்துவர்களும் இன்றுவரை உலகெங்கும் கையாளுகின்றனர். ஐந்தாம் ஷோகுனான த்ஸுனயோஷியின் நோயைக் கவனித்து அவருடைய ஆதரவைப் பெற்ற வாஇச்சி, பார்வையற்றோருக்கு அக்குபங்சரும் அன்மாவும் கற்பிக்கும் பயிற்சிக்கூடத்தை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறுவினார். ஐரோப்பாவில் பார்வையற்றோர் கல்வியின் தொடக்கமாகக் கருதப்படும் வாலண்டைன் ஹாவியின் பாரிஸ் பள்ளி அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்தே தோன்றியது.

இசையிலும் மருத்துவத்திலும் தேறாத ஒருவருக்கும் குழுவில் இடமிருந்தது என்பதற்கு ஹனவா ஹொக்கிஇச்சி (1746–1821) சான்றாவார். சிறுவயதில் பார்வையை இழந்து எடோவுக்கு வந்த இவருக்கு ஷாமிசென்னும் ஊசியும் கைவரவில்லை. படிப்பில் இவருக்கிருந்த வேட்கையைக் கண்ட ஆசிரியர் கெங்க்யோ அதற்கு வழிவிட்டார். பிறர் படிக்கக் கேட்டதை நினைவில் இருத்தும் ஆற்றலைக்கொண்டு, அழியும் நிலையிலிருந்த பழைய நூல்களைத் தேடித் தொகுத்து, ‘குன்ஷோ ருய்ஜூ’ என்ற பெருந்தொகுப்பை 1819இல் அவர் நிறைவுசெய்தார். அதற்காகச் செதுக்கப்பட்ட 17,000க்கும் மேற்பட்ட மரஅச்சுப் பலகைகள் தோக்கியோவில் இன்றும் காக்கப்படுகின்றன. 1937இல் ஜப்பான் சென்ற, பார்வையும் செவிப்புலனும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் அந்த இடத்துக்குச் சென்று ஹொக்கிஇச்சியின் சிலையைத் தொட்டு வணங்கினார்.

பெண்களுக்கு டோடோஸாவில் இடமில்லை. கோஸே எனப்பட்ட பார்வையற்ற பாடகியர் தங்கள் குழுக்களைத் தாங்களே அமைத்துக்கொண்டனர். வடமேற்கே கடும்பனி பொழியும் எச்சிகோ பகுதியில், இன்றைய நீகாதா மாவட்டத்தில், தக்காதா, நாகஓக்கா ஆகிய ஊர்களில் இருந்த குழுக்கள் 20ஆம் நூற்றாண்டுவரை நீடித்தன. சிறுமியாகச் சேர்ந்தவள் தலைவியின் மகளாகக் கருதப்பட்டு, பாட்டையும் தையலையும் வீட்டு வேலையையும் கற்றாள். ஓரளவு பார்வையுள்ள ஒருத்தி முன்னே நடக்க, ஏனையோர் முன்செல்பவளின் சுமைமேல் கைவைத்து வரிசையாக நடந்து, ஆண்டின் பெரும்பகுதியை ஊர்ப் பயணத்திலேயே கழித்தனர். ஒவ்வோர் ஊரிலும் அவர்கள் தங்குவதற்கென்று வழிவழியாக ஒரு வீடு இருந்தது. அவர்கள் பாட்டைக் கேட்டால் பட்டுப்புழு செழிக்கும் என்று நம்பிய உழவர்கள் அவர்கள் வரவை எதிர்பார்த்திருந்தனர். ஆண்டுக்கொருமுறை எல்லோரும் கூடி விதிகளை உரக்கப் படிக்கக் கேட்டனர். ஆணுடன் உறவு கொண்டவளின் பணிமூப்பில் சில ஆண்டுகள் குறைக்கப்பட்டன, அல்லது அவள் விலக்கப்பட்டாள். இன்றைய கண்ணோட்டத்தில் இது கொடுமையே. துணையற்ற பெண்கள் முன்பின் அறியாத ஊர்களில் இரவு தங்குவதற்கு அந்தக் கட்டுப்பாடு தந்த நற்பெயர் அரணாக இருந்தது என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் அந்த அரணுக்கான விலையைப் பெண்கள் மட்டுமே கொடுத்தனர். இந்த மரபின் கடைசிப் பாடகியரில் ஒருவரான ஹரு கோபயாஷி 1900இல் பிறந்து 2005இல் மறைந்தார். 1978இல் அவருடைய கலையைப் பதிவுசெய்து காக்கவேண்டிய செல்வமாக ஜப்பானிய அரசு அறிவித்தது.

டோடோஸாவின் சரிவு அதன் பணத்திலிருந்து தொடங்கியது. உயர்பதவிக்குக் கட்டணம் சேர்ப்பதற்கென்று குழுவினர் கடன் கொடுக்க அரசு அனுமதித்து, அந்தக் கடனைத் திரும்பப் பெறுவதில் சிறப்புப் பாதுகாப்பும் அளித்தது. சில கெங்க்யோக்கள் இந்தச் சலுகையைக்கொண்டு கடும் வட்டி வாங்கி, கடன்பட்ட சாமுராய் வீரர்களின் வாசலில் ஆள்விட்டு அவமானப்படுத்தி வசூலித்தனர். 1778இல் தோரியாமா கெங்க்யோ உள்ளிட்ட சிலரை அரசு தண்டித்து, அவர்கள் சொத்தைப் பறிமுதல் செய்தது. ஒரு சிலரின் பேராசையால் அடிநிலை உறுப்பினர் அனைவர்மீதும் மக்களின் வெறுப்பு படிந்தது.

ஷோகுன் ஆட்சி வீழ்ந்தபின் வந்த மெய்ஜி அரசு 1871இல் ஒரே ஆணையால் டோடோஸாவைக் கலைத்தது. பார்வையற்றோர் இனிப் பிற குடிமக்களைப் போலவே பதிவுசெய்துகொண்டு விரும்பிய தொழிலைச் செய்யலாம் என்று ஆணை கூறியது. ஆனால் அவர்களுக்குரியவையாக இருந்த தொழில்களையும் இனி எவரும் செய்யலாம் என்பதே அதன் நடைமுறைப் பொருள். பதவியும் பங்குத்தொகையும் ஒரே நாளில் மறைந்தன. ஈடாக எதுவும் தரப்படவில்லை. கியோத்தோவில் 1878இலும் தோக்கியோவில் 1880இலும் பள்ளிகள் தோன்றின, 1890இல் இஷிகாவா குராஜி வகுத்த ஜப்பானியப் பிரெயில் எழுத்து ஏற்கப்பட்டது, 1922இல் ‘தென்ஜி மைனிச்சி’ என்ற பிரெயில் செய்தித்தாள் வெளிவரத் தொடங்கியது, 1925ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் பிரெயிலில் வாக்களிக்கும் உரிமையை ஏற்றது. இவை பெரும்பேறுகளே. ஆயினும் வயிற்றுப்பாட்டுக்கு அப்பள்ளிகள் கற்பித்தவை பெரிதும் வாஇச்சி விட்டுச்சென்ற ஊசியும் அன்மாவும்தான்.

எனவே அதற்குப் பிந்திய நூறாண்டுப் போராட்டம், குழுவிடம் இருந்த உரிமையைச் சட்டத்தின் வழியாக மீட்கும் முயற்சியாகவே அமைந்தது. அன்மாவைப் பார்வையற்றோருக்கே ஒதுக்கவேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு மனுக்கள் சென்றன. 1911இல் வந்த உரிம விதிகள் அவர்களுக்குத் தேர்வில் சில சலுகைகளை மட்டும் அளித்தன. இரண்டாம் உலகப்போருக்குப்பின் 1947இல், ஜப்பானை ஆண்ட நேசநாட்டுப் படைத்தலைமை அக்குபங்சரைத் தடைசெய்யும் எண்ணத்தை வெளியிட்டபோது, பார்வையற்ற சிகிச்சையாளர்கள் திரண்டு எதிர்த்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அந்தத் தொழில்களுக்கு உரிமம் வழங்கும் சட்டமே நிறைவேறியது. பார்வையுள்ளோருக்கான அன்மாப் பயிற்சிப் பள்ளிகள் பெருகிப் பார்வையற்றோரின் பிழைப்பைக் கெடுக்காதவாறு, புதிய பள்ளிகளுக்கு அனுமதி மறுக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கும் விதி 1964இல் அதில் சேர்க்கப்பட்டது.

தொழில் செய்யும் உரிமையை அந்த விதி பறிக்கிறது என்று தனியார் கல்வி நிறுவனம் தொடுத்த வழக்கில், பார்வையற்றோரின் வாழ்வாதாரத்தைக் காக்க வேண்டிய தேவை இன்னும் நீங்கிவிடவில்லை என்ற கருத்தை ஏற்று, விதி அரசமைப்புக்கு முரணானதன்று என்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.