வெள்ளிமேல் பொன்

மகளின் சலங்கைப் பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைசாமானிலிருந்து ஒரு சிவப்புக் கல் விழுந்துவிட்டது. நான் ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நேராகப் பெரியப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"எஞ்சினியருக்குப் படிச்சவன் செய்யற வேலையாடா இது?"

தலைசாமான் தாத்தா கையால் செய்தது. அத்தையின் அரங்கேற்றத்துக்காக. பார்ப்பவர்கள் தங்கம் என்றுதான் நினைப்பார்கள். அடியில் வெள்ளி. வெள்ளித் தகட்டைத் தட்டி, சின்னச் சின்னக் கூடுகளாக வளைத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, கூட்டுக்குள் அரக்கை நிரப்பி, அதன்மேல் கெம்புக் கல்லைப் பதித்து, கல்லின் விளிம்பைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்தித் தேய்க்க வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்பவர்களின் முறையும் ஏறக்குறைய இதுதான். அந்த ஊர் நகைக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு. ("பொடி வச்சுப் பேசாதே" என்கிறோமே, அந்தப் பொடி தட்டாரின் ஊதுகுழல் முனையிலிருந்து வந்தது என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.)

சாமிக்குச் செய்த நகை நாட்டியம் ஆடுபவர் தலைக்கு வந்த கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ருக்மிணி தேவி 1935இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா தொடங்கியது. உடை, நகை, மேடை எல்லாவற்றையும் அவர் புதிதாக யோசித்தார். அதன்பின் நடுத்தர வர்க்க வீட்டுப் பெண்கள் நாட்டியம் கற்கத் தொடங்கியதும் ராக்கொடி, சூரியன், சந்திரன், வங்கி, ஒட்டியாணம் எல்லாம் வீட்டுக்கு வீடு தேவைப்பட்டன. எல்லோராலும் அதைத் தங்கத்தில் செய்துகொள்ள முடியுமா? வெள்ளியில் செய்து பொன் பூசுவதே வழியானது.

வெள்ளிமேல் பொன் என்றால் ஏதோ ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைக்க வேண்டாம். 1947 ஆகஸ்டில் நேருவின் கையில் கொடுக்கப்பட்ட செங்கோலும் அதே வகைதான். திருவாவடுதுறை ஆதீனத்துக்காகச் சென்னை உம்மிடி பங்காரு செட்டி குடும்பத்தினர் செய்தது. சுமார் ஐந்தடி உயரம், உச்சியில் நந்தி, உள்ளே வெள்ளி, மேலே பொன். அலகாபாத் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்துக்குப் போனது. அது ஆட்சி மாற்றத்தின் சின்னமா, ஒரு மடம் கொடுத்த பரிசா என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. பெரியப்பா அந்தச் சண்டைக்குள் போகவே இல்லை. டிவியில் அதைக் கிட்டத்தில் காட்டியபோது, "நந்தி முகத்துல உளி எப்படிப் போயிருக்கு பாரு" என்றார். நான் படித்த செய்திகளில் கடையின் பெயர் இருந்தது, உளி பிடித்த ஆட்களின் பெயர் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு வரி நிரலை மாற்றினாலும் யார், எந்த நிமிடம் என்று பதிவாகிவிடும். தாத்தா செய்த எந்த நகையிலும் அவர் பெயர் கிடையாது.

அவர் வெள்ளிக்கு விருப்பப்பட்டு வந்தவரில்லை, தங்க வேலைக்காரர். 1962இல் சீனப் போர், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, தங்கக் கடத்தல். 1963 ஜனவரியில் நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் யாரும் புதிதாக நகை செய்யக்கூடாது. 22 காரட்டில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு தங்கம், 14 காரட்டில் 58தான். நிறம் மங்கல், சுத்தியலுக்கு வளையாத முரடு. கல்யாணத்துக்கு அதை யார் வாங்குவார்கள்? நாடெங்கும் பட்டறைகள் ஓய்ந்தன, தட்டார்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன. பெரியப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "அப்பா தினம் காலையில குளிச்சுட்டு வந்து பட்டறையில உக்காருவாரு. உமியோட்டுல நெருப்பு மட்டும் இருக்கும். வேலை இருக்காது," என்றார்.

வெள்ளிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த வருஷம்தான் தாத்தா ஒரு நாட்டியக்காரர் வீட்டுக்கு முதல் தலைசாமான் செய்தார். காரட் தடை 1966இல் தளர்ந்தது. ஆனால் 1968இல் தனிச் சட்டமே வந்து, 1990 வரை கணக்கும் உரிமமும் சோதனையும் தொடர்ந்தன. தாத்தா தங்கத்துக்குத் திரும்பவில்லை.

இதில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. அந்த விதிகளால் நொடித்த தட்டார் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசு படிப்புச் சலுகை அறிவித்தது. அப்பா அதில் படித்து வங்கி வேலைக்குப் போனார். மூத்தவர் என்பதால் பெரியப்பா பட்டறையில் நின்றுவிட்டார். நான் இன்று கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதற்கு மொரார்ஜியின் சட்டமும் ஒரு காரணம். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல மனசு வரவில்லை.

இப்போது தி.நகர் போனால் அச்சில் அடித்த நாட்டிய செட் அட்டைப் பெட்டியில் கிடைக்கிறது. வெள்ளிகூட இல்லை, செம்போ பித்தளையோ. விலை மிகக் குறைவு. ஒருநாள் மேடைக்கு அது போதும் என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. நானே மகளுக்கு முதலில் அதைத்தான் வாங்குவதாக இருந்தேன், அத்தை விடவில்லை.

பெரியப்பா நான் போட்ட பசையை ஊசிமுனையால் சுரண்டி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அவர் கை லேசாக நடுங்கியது, கல்லைத் தொடும்போது மட்டும் நின்றுவிட்டது. "கத்துக்கலாமா பெரியப்பா?" என்று கேட்டேன். "உக்காரு. தினம் பத்து மணி நேரம். அஞ்சு வருஷம்," என்றார், தலையை நிமிர்த்தாமல். நான் பேசாமல் இருந்தேன்.

முடித்ததும் தராசை என் பக்கம் திருப்பினார். வாங்கும்போதே எடை போட்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். அம்மா நகையிலும் தட்டான் குறைப்பான் என்று பழமொழி கட்டிவிட்ட ஊர் இது. தம்பி மகன் என்றாலும் எடை காட்டாமல் கொடுத்துப் பழக்கமில்லை.

"வரும்போது 114 கிராம் 200 மில்லி. இப்ப 600. அரக்கு புதுசு. பாத்துக்கோ," என்றார்.

பார்த்தேன்.