கொழுப்பைப் பிரித்த வேதியியலும் மெழுகுவத்தித் தொழிலும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் எளியவர் வீடுகளுக்கு வெளிச்சம் தந்தவற்றுள் முதன்மையானது மாட்டுக்கொழுப்பு, ஆட்டுக்கொழுப்பு வத்தி. தொட்டால் பிசுபிசுக்கும், கோடையில் வளைந்துவிடும், அணைத்தால் கண்ணைக் கரிக்கும் நெடி எழும். கருகிய திரியை நறுக்கிவிட ஓர் ஆள் அருகிலேயே இருக்க வேண்டும். தேன்மெழுகு வத்தி நன்றாகவே எரிந்தது. ஆனால் அதன் விலை தேவாலயங்களுக்கும் செல்வர்களுக்குமே கட்டுப்படியானது.

இந்த நிலையை மாற்றிய ஆய்வு ஒரு சோப்புக் கட்டியில் தொடங்கியது. 1811இல் பாரிஸில் வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல், பன்றிக்கொழுப்பில் செய்த பொட்டாஷ் சோப்பை ஆராயத் தொடங்கினார். கொழுப்பும் காரமும் அப்படியே சேர்ந்ததே சோப்பு என்று அதுவரை கருதப்பட்டது. காரம் கொழுப்பை உடைக்கிறது என்று ஷெவ்ரல் காட்டினார். உடைந்ததில் ஒரு பகுதி கொழுப்பு அமிலம். அது காரத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. மற்றது கிளிசரின், வேதியியலாளர் ஷீலே முன்பே ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரித்திருந்த இனிப்பான திரவம் அது. ஸ்டியரிக், ஓலியிக், பியூட்டிரிக் எனப் பல அமிலங்களை ஷெவ்ரல் தனித்தனியே பிரித்து, 1823இல் நூலாக வெளியிட்டார். அணு, மூலக்கூறு பற்றிய கருத்துகளே தெளிவடையாத காலத்தில் இத்தனை துல்லியம் வியப்புக்குரியது.

இன்றைய வேதியியலில் கொழுப்பு ஓர் எஸ்டர். கிளிசரினின் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளோடு மூன்று கார்பாக்சிலிக் அமிலங்கள் நீரை இழந்து இணைவதால் அது உண்டாகிறது. 1854இல் வேதியியலாளர் பெர்தலோ கிளிசரினையும் அமிலங்களையும் இணைத்துக் கொழுப்பையே ஆய்வகத்தில் உருவாக்கினார்.

பழைய வத்தியின் குறைகளுக்குக் காரணமும் இதிலிருந்து விளங்கியது. கண்ணைக் கரிக்கும் நெடி, கிளிசரின் பகுதி சூட்டில் சிதைந்து அக்ரோலீனாக மாறுவதால் வருவது. ஸ்டியரிக் அமிலம் உருக ஏறத்தாழ 69 பாகை செல்சியஸ் வேண்டும். ஓலியிக் அமிலமோ அறை வெப்பத்திலேயே திரவம். கிளிசரினையும் ஓலியிக் அமிலத்தையும் நீக்கினால் கெட்டியான, நெடியற்ற வத்தி கிடைக்கும்.

ஷெவ்ரலும் வேதியியலாளர் கே-லூசாக்கும் 1825இல் இத்தகைய வத்திக்குக் காப்புரிமை பெற்றும் தொழில் நிலைக்கவில்லை. அதை நிலைநிறுத்தியவர், 1830களில் பாரிஸில் ஆலை நடத்திய தெ மில்லி. விலை கூடிய காரத்துக்குப் பதிலாக அவர் சுண்ணாம்பைப் பயன்படுத்தினார். கொழுப்பைச் சுண்ணாம்புநீரில் காய்ச்சினால் கரையாத சுண்ணாம்புச் சோப்பு திரளும். கந்தக அமிலம் அதைப் பிரித்ததும் கால்சியம் சல்பேட் அடியில் தங்கும், கொழுப்பு அமிலங்கள் மேலே மிதக்கும். அவற்றை ஆறவைத்து அழுத்துப்பொறியில் பிழிந்தால் ஓலியிக் அமிலம் வழிந்துபோய், ஸ்டியரின் எனப்படும் வெண்மையான கெட்டி அமிலம் மிஞ்சும். திரியிலும் மாற்றம் வந்தது. காம்பாசெரேஸ் கொண்டுவந்த பின்னல் திரி, எரியும்போது சுடரின் விளிம்புக்கு வளைந்து தானே சாம்பலாகும். போரிக் அமிலத்தில் நனைத்த பிறகு அந்தச் சாம்பலும் தேங்கவில்லை. திரி நறுக்கும் கத்தரிக்கு வேலை போயிற்று.

வழிந்த ஓலியிக் அமிலம் சோப்பு ஆலைகளுக்குச் சென்றது. நெடுங்காலம் கழிவாகவே கருதப்பட்ட கிளிசரினுக்கு, 1867இல் ஆல்ஃபிரெட் நோபல் அதை மூலப்பொருளாகக் கொண்ட டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றபின் பெரிய சந்தை திறந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான பாரஃபின் மெழுகு வந்து ஸ்டியரினின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. பாரஃபின் வத்தி வெப்பத்தில் வளையாமல் இருக்க ஸ்டியரிக் அமிலம் அதில் சேர்க்கப்பட்டது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.