சாய்ந்த வெயிலில் கல்லெழுத்து

நிழற்படக் கலையைக் கற்பிப்போர் இரு நெறிகளை வலியுறுத்துவர். இயற்கை ஒளியைத் துணைக்கொள்வது ஒன்று. பொருளை நெருங்கி அண்மைக் காட்சியாகப் பதிவது மற்றொன்று. இவ்விரண்டும் அழகுக்கான உத்திகள் என்றே பலரும் கருதுகின்றனர். ஆயின், உண்மையை அறியும் வழிகளாகவும் இவை விளங்கியதை வரலாற்றில் காண்கிறோம். நம் முன்னோரின் அடக்கத்தலக் கற்களோடும் இச்செய்திக்குத் தொடர்புண்டு.

ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியைச் சோதனையின் மீது நிறுத்தியவர்களுள் தலையாயவர் இப்னுல் ஹைஸம். கி.பி. 965இல் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்தவர். அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ ஏழு பாகங்களைக் கொண்டது. அதன் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. இருட்டறையின் சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் பிறவற்றோடு கலவாமல் தனித்தனியே உள்ளே விழுவதை அவர் காட்டினார். சூரிய கிரகணத்தின் பிறை வடிவம் துளைவழியே விழுவதையும் தனி நூலில் ஆராய்ந்தார். இன்றைய ‘காமிரா’ என்னும் பெயர், அறை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது அவர் கூறும் மற்றொரு கருத்து. பொருளைச் சரியாகக் காண ஒளியும் தூரமும் தக்க அளவில் அமைய வேண்டும் என்கிறார். தொலைவு மிகுந்தால் நுண்ணிய எழுத்து மறையும்; அளவுக்கு மீறி நெருங்கினாலும் பார்வை பிழைபடும். பளபளக்கும் பரப்பின் மீதுள்ள நுண்வேலை, வலிய ஒளி கண்ணை நோக்கித் திரும்பும்போது தெரியாமற் போகிறது. பொருளைச் சற்றே சாய்த்தால் மீண்டும் புலப்படுகிறது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துத் தட்டு ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். முதற்பார்வையில் தெரிவது வேறு, ‘தஅம்முல்’ என்னும் கூர்ந்த நோக்கில் தெரிவது வேறு என்பதும் அவர் வகுத்த பாகுபாடே.

மெருகிட்ட பரப்புக்குச் சொன்னது செதுக்கிய கல்லுக்கு வேறு வகையில் பொருந்தும். வெயில் நேர்முகமாக விழுந்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் இல்லை. நிழல் இல்லையேல் எழுத்தும் இல்லை. பரப்பைத் தழுவிச் சாய்வாகச் செல்லும் வெயிலிலேயே மழுங்கிய கோடும் எழுந்து நிற்கும். பெண்ணாடத்துப் பிரளயகாலேசுவரர் கோயிலின் விமானம், படுத்திருக்கும் யானையின் முதுகைப் போன்று வளைந்த தூங்கானை மாட அமைப்புடையது. அவ்வளைவில் வெயில் சாயும் இடம் கதிரவனோடு நகர்ந்துகொண்டே செல்லும். தட்டைச் சுவருக்கு அவ்வசதி இல்லை. உரிய நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இத்தகைய உழைப்பைத் தமிழகத்தில் மேற்கொண்டவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட அவர், 1857-58இல் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் காகித நெகட்டிவ்களைக் கொண்டு படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தை ஒட்டிக் காமிராவை நகர்த்தி நகர்த்தி, அங்குள்ள கல்வெட்டுகளைப் பதிந்தார். 21 படங்களை இணைத்து ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். கோபுர அழகைத் தொலைவிலிருந்து எடுத்தவரே எழுத்துக்காக அருகில் வந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

நம் மரபுக்கு இதன் தேவை மிகப் பெரிது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் அரபு எழுத்துப் பொறித்த பழைய மீஸான் கற்கள் உள்ளன. புள்ளியில்லாத எழுத்தில் எழுபதைக் குறிக்கும் ‘ஸப்ஈன்’, தொண்ணூறைக் குறிக்கும் ‘திஸ்ஈன்’ ஆகிய இரு சொற்களும் ஒரே பல்வரிசையாகவே தோன்றும். ஒன்றில் ஸீனுக்குப் பின் ஒரு பல். மற்றதில் ஸீனுக்கு முன் ஒரு பல். அவ்வளவே வேறுபாடு. அந்தப் பல்லைத் தவறாகப் படித்தால் ஒருவர் மறைந்த ஆண்டு இருபது ஆண்டு இடம்பெயர்ந்துவிடும். ஒரு குடும்பத்தின் வழிமரபும், ஒரு பள்ளிவாசலின் காலக் கணக்கும் அதனோடு மாறிவிடும்.

சுண்ணாம்பும் எனாமல் பெயிண்டும் அடுக்கடுக்காய்ப் பூசப்படும்போது முதலில் நிரம்பிப் போவது இந்தப் பற்களின் இடைவெளியே. கல்லுக்கு மதிப்புச் செய்வதாக எண்ணி நாமே அதன் வாயை அடைத்துவிடுகிறோம். கிடையாக உள்ள கல்லுக்குக் காலை வெயிலும் மாலை வெயிலும் ஏற்றவை. நிமிர்ந்து நிற்கும் கல்லுக்கு வெயில் பக்கவாட்டில் வரும் நேரம் ஏற்றது. வெயில் எட்டாத இடத்தில் ஒரு கண்ணாடியைக் கொண்டு ஒளியைத் திருப்பலாம். முழுக்கல்லை ஒரு படமாகவும், வரிகளை ஒவ்வொன்றாக அருகிலிருந்தும் அளவுகோலுடன் எடுத்து, ஊரையும் நாளையும் குறித்து வைக்கலாம். இதற்குக் கைப்பேசியே போதும்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் அடுத்த வெள்ளையடிப்புக்கு முன் ஒரு நாள் காலையை இதற்கென ஒதுக்குமாயின், நூற்றாண்டுகளைக் கடந்து வந்த பெயர்கள் பல நம் காலத்தில் அழியாமல் தப்பும்.