மாமன்னரின் கணிப்பும் மக்களவையின் வாக்கும்



நம் ரிங்கிட் தாள்களில் துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் 1957இல் விடுதலை பெற்ற மலாயாவின் முதல் மாமன்னர். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களோடு பெயரொற்றுமையால் அவரைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. ஒருவர் அரியணையில் அமர்ந்தவர். மற்றவர் மக்கள் வாக்கால் ஆட்சிக்கு வந்தவர். இவ்விரு பொறுப்புகளுக்கும் இடையிலான எல்லை எங்கே உள்ளது என்பதே இவ்வுரையின் பொருள்.

பழந்தமிழ் இலக்கியம் காட்டும் வேந்தன் தானே ஆண்டான். போரும் வரியும் நீதியும் அவன் கையில் இருந்தன. அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னரின் நிலை வேறு. ரீட் ஆணையத்தின் பரிந்துரைகளை அடிப்படையாகக் கொண்டு உருவான நம் அரசியலமைப்பின்படி, மலாய் ஆட்சியாளர் ஒன்பதின்மர் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக் காலத்திற்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயற்படுகிறார். தம் விருப்புரிமைப்படி முடிவெடுக்க 40ஆம் பிரிவு அவருக்கு இடமளிக்கும் செயல்கள் மிகச் சில. பிரதமரை நியமித்தலும், நாடாளுமன்றத்தைக் கலைக்கும் வேண்டுகோளுக்கு இசைவு மறுத்தலும் அவற்றுள் தலையாயவை.

பிரதமரை நியமிப்பதிலும் அவ்விருப்புரிமைக்கு வரம்பு உண்டு. மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் எனத் தம் கணிப்பில் தோன்றுபவரையே மாமன்னர் நியமிக்க வேண்டும் என்கிறது 43ஆம் பிரிவு. ஆனால், எவ்வாறு கணிப்பது என்பதை அப்பிரிவு விளக்கவில்லை. 2018 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் ஒரே அணி தெளிவான பெரும்பான்மை பெற்றதால், கூட்டரசு அளவில் அந்த வினா எழவே இல்லை.

மாநிலங்களில் அது முன்பே எழுந்தது. 1966இல் சரவாக் முதலமைச்சர் ஸ்தீபன் காலோங் நிங்கானை, உறுப்பினர் சிலர் கையொப்பமிட்ட கடிதத்தின் அடிப்படையில் ஆளுநர் பதவி நீக்கினார். நம்பிக்கையிழப்பு, மன்றத்தின் வாக்கெடுப்பால் வெளிப்பட வேண்டும் என்று கூறிய கூச்சிங் உயர்நீதிமன்றம், அந்த நீக்கம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. நிங்கான் மீண்டும் பதவி ஏற்றார். விரைவில் அவசரநிலை பிரகடனப்படுத்தப்பட்டது; அரசியலமைப்பும் திருத்தப்பட்டது. மன்றத்தைக் கூட்டும் அதிகாரம் ஆளுநருக்கு வழங்கப்பட, அம்மன்றத்தின் வாக்காலேயே அவர் பதவி இழந்தார்.

2009இல் பேராக் மாநிலம் வேறொரு விடையைக் கண்டது. உறுப்பினர் மூவர் ஆளும் அணியை விட்டு விலகியபோது, மந்திரி பெசார் நிசார் ஜமாலுடின் சட்டமன்றத்தைக் கலைக்க வேண்டினார். சுல்தான் அஸ்லான் ஷா இசையவில்லை. பெரும்பான்மை மறுதரப்புக்கு உண்டெனத் தெளிந்து ஸாம்ரி அப்துல் காதிரை நியமித்தார். நம்பிக்கையிழப்பை மன்ற வாக்கெடுப்பால் மட்டுமன்றிப் பிற சான்றுகளாலும் அறியலாம் என்று 2010இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுல்தான் அஸ்லான் ஷா நாட்டின் நீதித்துறைத் தலைவராக விளங்கியவர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

2020 பிப்ரவரியில் துன் மகாதீர் பதவி விலகியபோது அதே வினா இஸ்தானா நெகாராவின் வாயிலுக்கு வந்தது. மாமன்னர் மக்களவை உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தித்துக் கருத்தறிந்தார். மார்ச் 1ஆம் நாள் முகிதீன் யாசின் பிரதமரானார். மே 18இல் ஒரு நாள் மட்டுமே கூடிய மக்களவையில் நம்பிக்கைத் தீர்மானம் எடுக்கப்படவில்லை. புதிய அரசின் பெரும்பான்மை குறித்த ஐயம் மாதக்கணக்கில் நீடித்தது.

2022 நவம்பர் 19இல் நடைபெற்ற பொதுத்தேர்தலில் எந்த அணிக்கும் 112 இடங்கள் கிட்டவில்லை. ஐந்து நாள் கலந்துரையாடலுக்குப் பின்னர் மாமன்னர் அன்வார் இப்ராகிமை நியமித்தார். டிசம்பர் 19இல் மக்களவை கூடி அவர்மீதான நம்பிக்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இவ்விரு நியமனங்களையும் ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். நாடு தலைமையின்றித் தவிக்கும் வேளையில் கட்சி சாராத ஒருவர் முன்னின்று வழிகாண்பது பெரும்பயன் உடையது. எனினும், அரண்மனையில் தனித்துச் சொன்ன சொல்லைக் குடிமக்கள் கேட்க இயலாது. மன்றத்தில் அளித்த வாக்கோ அனைவரும் அறியத்தக்கது. ஆகவே, அரசரின் கணிப்பை மக்களவை விரைந்து வாக்கால் உறுதிசெய்வது மக்களாட்சிக்கு மட்டுமன்றி அரியணைக்கும் நன்மை பயக்கும். அமைச்சரவை பின்னர் இழைக்கும் பிழைக்கு, அதனைத் தாங்கி நிற்கும் உறுப்பினர்களே பொறுப்பாவர். பழி அரண்மனையைச் சாராது.

ஆசிரியர்கள் 43ஆம் பிரிவை வகுப்பறையில் படித்துக் காட்டி, பெரும்பான்மையை யார், எங்கே, எவர் காண எண்ணுகிறார் என்னும் வினாவை மாணவர் முன் வைக்க வேண்டுகிறேன். வாக்காளராகும் நாளில் அவர்களுக்கு அவ்வினா பயன்படும்.